நடைக்கு எட்டும் மனை

என் தமக்கையின் மகன் கொழும்பிலே வேலை பார்க்கிறான். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, தட்டின்மேல் தட்டாக எழுந்த ஒரு கட்டடத்தின் ஐந்தாந் தட்டிலே தாயும் மகனுமாகக் குடியிருக்கின்றனர். சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியிலே என்னை அழைத்து, “மாமா, யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வீடு பார்த்துத் தாருங்கள். வாகனம் இல்லாமல் சீவிக்கக்கூடிய இடமாக இருக்கவேணும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அம்மா நடந்தே போய்வரவேணும்” என்றான். விலையைப் பற்றி அவன் முதலிற் கேட்கவில்லை. நடையைப் பற்றிக் கேட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காளுக்கு வயது எழுபத்தைந்தாகிறது. சீதனமாகப் பெற்ற கல்வீட்டை 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவிலே பூட்டிவிட்டு, மழையிலே, சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தவள் அவள். திரும்பிவந்து பார்த்தபோது கூரையும் இல்லை, நிலை கதவுகளும் இல்லை. மனம் வெறுத்துக் கிடைத்த விலைக்கு அதனைக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனாள். ஆகவே இந்த வீடு வாங்குதல் எங்கள் குடும்பத்தில் வெறுங் கொடுக்கல் வாங்கல் அன்று. இம்முயற்சியிலே நான் கற்றவற்றுள் சிலவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

பிறநாடுகளிலே பெருநகரங்களின் நெருக்கடியைத் தாங்கமாட்டாதவர்கள், புகைவண்டி எட்டும் தூரத்திலுள்ள சிறு நகரங்களை நாடி வீடு வாங்குகின்றனர். நம்மவர் இதனை வேறொரு வகையில் நெடுங்காலமாகச் செய்துவந்தனர். 1905ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. அன்றுமுதல் சம்பளம் கொழும்பிலும் மனை யாழ்ப்பாணத்திலுமாக வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. மணியோடர்ப் பொருளாதாரம் என்று படித்தவர்கள் அதற்குப் பெயரும் வைத்தார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, இருநூற்றைம்பது மைல் தொலைவை ஒரு பகற்பொழுதுக்குள் அடக்கிற்று. 1990இல் அறுந்த அந்தத் தொடர்பு 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை எட்டியது. தண்டவாளம் வந்தபின் காணி விலையும் பின்னாலே வந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இனி, நடையைப் பற்றிச் சொல்லுகிறேன். யாழ்ப்பாண மாநகரசபையின் எல்லை முழுவதும் ஏறத்தாழ இருபது சதுர கிலோமீற்றர்தான். கோட்டையும் முற்றவெளியும் ஒரு பக்கம், அதையடுத்துப் பொது நூலகம், பஸ் நிலையம், பெரியகடை, ஆஸ்பத்திரி, வடமேற்கே வண்ணார்பண்ணை, வடகிழக்கே நல்லூர். பெரியகடையிலிருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குச் சாதாரண நடையில் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். திருவிழாக் காலத்து இருபத்தைந்து நாளும் இத்தூரத்தை வெறுங்காலோடு நடப்பவர்கள் இன்றும் உளர். எரிபொருள் வருதல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளிலே இந்நகரம் முழுவதும் சைக்கிளிலும் காலிலுமே இயங்கிற்று. அந்த வருத்தத்தை நான் புகழவில்லை. ஆயினும் இந்நகர் மனிதனுடைய காலை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் முன்னோர் தெருவை நடப்பவனுக்காக அமைத்தார்கள். வழியிலே சுமைதாங்கி, அதன் அருகே ஆவுரஞ்சிக்கல், கொஞ்சம் அப்பால் ஒரு கேணி, ஒரு மடம். வீட்டு வாயிலிலே சங்கடப்படலை. படலைக்குமேல் ஒரு சிறு கூரை. அதன்கீழ் இருபுறமும் இருக்கத் திண்ணை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் வழிப்போக்கன் வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு. தெருவின் இருமருங்கும் கற்றிண்ணை, மேலே கூரை, தெரு அதன் நடுவே நுழைந்து செல்லும். நடப்பவனை இவ்வளவு மதித்த கட்டடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. இன்று வீட்டு முகப்பிலே ஆளுயர மதிலும் இரும்புக் கதவுமே எழுகின்றன. அந்த மதிலோரமாக நண்பகலில் நடந்து பாருங்கள். சங்கடப்படலையின் அருமை விளங்கும்.

எனவே மருமகன் வந்ததும் நான் செய்த முதல் வேலை, தரகர் காட்டிய மூன்று வீடுகளுக்கும் அவனை நடத்தியே அழைத்துச் சென்றதுதான். தரகருக்கு இது பிடிக்கவில்லை. “ஓட்டோவிலே ஐந்து நிமிஷம் ஐயா” என்றார். ஓட்டோவிலே எல்லாமே ஐந்து நிமிஷந்தான். முதலாவது வீடு அரியாலைப் பக்கம், கண்டி வீதியோரம். புதிய மாடிவீடு, பளிங்குத் தரை. ஆனால் வீதியைக் கடக்க நாங்கள் காத்துநின்ற நேரத்தில் ஒரு சுருட்டுப் பிடித்து முடித்திருக்கலாம். எழுபத்தைந்து வயதுக் கிழவி அதை நாள்தோறும் கடக்க முடியாது. இரண்டாவது வீடு கடல்நீரேரிக்குக் கிட்ட இருந்தது. காற்று நன்று; கிணற்றைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன். மூன்றாவது வீடு வண்ணார்பண்ணையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. பழைய நாற்சார் வீடு, நடுவே முற்றம். ஓடு சில இடத்திலே சரிந்திருந்தது. ஒழுங்கை முகப்பிலிருந்து பத்து நிமிஷ நடையிலே மரக்கறிக் கடை, கோயில், மருந்துக் கடை, வாசிகசாலை யாவும் இருந்தன. வழியெல்லாம் வேம்பும் பூவரசும். மருமகன் என்னைப் பார்த்தான். நான் தரகரைப் பார்த்தேன். தரகர் விலையை உயர்த்தினார்.

நடை எட்டிவிட்டது, உறுதி எட்டவேண்டுமே. நேயர்களே, யாழ்ப்பாணத்திலே காணி வாங்குதல் என்பது நிலத்தை வாங்குதல் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை வாங்குதல் அது. ஒவ்வொரு காணிக்கும் உறுதியிலே ஒரு பெயர் உண்டு. பரப்பும் குழியுமாக அதன் அளவு சொல்லப்படும். பதினெட்டுக் குழி கொண்டது வளவுக் காணியின் ஒரு பரப்பு; பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பின்பு நான்கு எல்லையும் சொல்லி, வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழிவாய்க்கால் எல்லாவற்றையும் எழுதுவார்கள். இந்தக் கடைசிச் சொற்களிலேதான் வழக்குகள் ஒளிந்திருக்கின்றன. ‘கிணற்றிலே அரைப் பங்கு’ என்று இருந்தால், மற்ற அரைப் பங்குக்காரன் துலாவோடு வந்து நிற்பான் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ‘ஒழுங்கையால் வழியுரிமை’ என்று எழுதப்படாத வீட்டுக்கு, அயலவன் வேலி அடைத்த அன்றே வழி இல்லாமற் போகும்.

வேலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம்மூரிலே எல்லைக் கல்லை எவனும் பிடுங்குவதில்லை, அது பாவம். ஆனால் ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கிளுவைக் கதியாலைச் சாண் அகலம் தள்ளி நடுவதற்குப் பாவம் ஒன்றும் சொல்லப்படவில்லை. இப்படி நடந்து நடந்து ஒரு பரப்பிலே இரண்டு குழி அயலுக்குப் போன காணிகளை நான் அறிவேன். ஆகையால் பழைய வரைபடத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நில அளவையாளரை அழைத்துப் புதிதாக அளந்தபின் பேசுங்கள். அதற்கு ஆகும் செலவு வழக்கறிஞருக்கு ஆகும் செலவிலும் மிகக் குறைவு.

அடுத்து வருவது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1706இல் எழுதினார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் அதனைச் சட்டமாக ஏற்றனர். முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் மூன்று பாகுபாடும் அதிலிருந்து வருவன. காணி விற்பனையைப் பொறுத்தவரை அதன் உயிர்நாடி, முன்வாங்கும் உரிமை. ஒருவன் தன் பங்கை வேற்றானுக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும், ஈடு பிடித்த அயலவருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது பழைய வழக்கு. ஒல்லாந்தர் காலத்திலே ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று வாரம் தொடர்ந்து, கோயிலிலே அதைப் பகிரங்கமாக வாசித்தனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அயலவரை நீக்கிவிட்டு, அவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் விற்பவனின் உரித்தாளருக்கும் என்று சுருக்கிற்று. அறிவித்தல் நொத்தாரிசு மூலம் கொடுக்கப்படவேண்டும். அறிவித்தல் இல்லாமல் விற்ற காணியைப் பங்காளி ஒருவன் வழக்கிட்டு, விலையைக் கட்டி, வாங்கியவனிடமிருந்து மீட்டுக்கொள்ள இடமுண்டு. இது ஆளைப் பற்றிய சட்டம் மாத்திரமன்று. வடமாகாணத்து நிலத்தைப் பற்றியதும் ஆகும். எனவே கொழும்பிலே பிறந்தவன் வாங்கினாலும் தப்ப முடியாது.

இந்தச் சட்டத்தைப் பழையது, இடைஞ்சலானது என்று இகழ்வோர் உண்டு. நான் அவர்களோடு முழுவதும் ஒத்துப்போவதில்லை. குடும்பக் காணியின் நடுவே முன்பின் அறியாதவன் திடீரென வந்து குடியேறாதபடி காத்தது அது. ஆனால் பெண்களைப் பொறுத்தவரை இதே குடும்பக் காவல் கசக்கிறது. வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரிலே இருக்கும். அதனை அவள் விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டம் விதித்தது. கணவன் காணாமற் போயிருந்தால் அவள் நீதிமன்றப் படியேறி அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்கவேண்டும். யுத்தத்திற்குப் பின் அப்படிப் படியேறிய பெண்கள் எத்தனை பேர்!

நாங்கள் பார்த்த நாற்சார் வீட்டின் உறுதியைப் புரட்டினோம். தாயின் சீதனம், தாய் இறந்தபின் பிள்ளைகள் நால்வருக்கு பிரிபடாத கால் பங்கு வீதம் இறங்கியிருந்தது. ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருத்தி இணுவிலில். நாலாமவர் காலமாகி, அவருடைய பிள்ளைகள் இருவர் நோர்வேயில். தரகரோ கனடாக்காரரின் அற்றோணித் தத்துவம் ஒன்றைக் காட்டி, “இது போதும், எழுதலாம்” என்றார். அது அவருடைய கால் பங்குக்குப் போதும். மற்ற முக்கால் பங்கு வானத்திலா தொங்குகிறது?

நேயர்கள் இவ்விடத்தில் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். நமது காணிப் பதிவகத்திலே பதியப்படுவது உறுதிதான், உரித்து அன்று. பதிவிலே பெயர் இருப்பதனாலே ஒருவன் சொந்தக்காரனாகிவிட மாட்டான். காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். அச்சாட்சிகளும் கையெழுத்தும் மெய்யா பொய்யா என்பதைத் தேடவேண்டியவன் வாங்குபவனே. உரியவர் கடல்கடந்து இருக்க, ஆளற்ற வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக்கிடக்க, கள்ள உறுதி முடிப்பவனுக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறு ஏது?

வேறொருவனுடைய காணியைப் பத்தாண்டு தடையின்றி, எதிருரிமையோடு ஆண்டவனுக்கு அதன்மேல் உரித்து உண்டாகும் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். ஊரை விட்டு ஓடியவர்களின் வீடுகளிலே இந்தப் பத்தாண்டு சத்தமின்றிக் கழிந்துபோயிற்று. அந்த அநியாயத்தை ஓரளவு நீக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983ஆம் ஆண்டு மே முதலாம் நாளிலிருந்து 2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வரையுள்ள காலத்திலே, போரினால் தம் உரிமையை நாட இயலாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று அது சொல்லிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், இதே பட்டினத்திலே சோனகத் தெருவில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்திலே வெளியேற்றப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. கையிலே கொண்டுபோக விடப்பட்டதும் சொற்பம். அவர்களிற் பலர் பின்னர் வந்து, கூரையற்ற தம் வீடுகளை விற்றுப் போயினர். மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வளவைத் தரகர் காட்டியபோது, “அவர்களும் என்னைப்போலத்தான் பூட்டிக்கொண்டு போனவர்கள்” என்று அக்காள் தொலைபேசியிலே சொன்னாள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

வெளிநாட்டிலே உள்ள உறவினர் பெயரில் வாங்கலாமா என்று மருமகன் ஒருமுறை கேட்டான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி பிறநாட்டுப் பிரசைக்குக் காணி எழுத முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உடையவர்களுக்கு அத்தடை இல்லை. இதை அறியாமல் முற்பணம் கொடுத்துவிட்டுத் திகைத்தவர்கள் உண்டு.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். ஆறில்லாத நாடு இது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழே நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்களின் பொதுக் கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால் உவர் நாற்பதடி மேலெழும். துலாவினாலே இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரமிருந்தது. மின்பம்பியைப் போட்டு ஒரு மூச்சிலே உறிஞ்சும்போது கீழிருந்து உப்பு வருகிறது. நீரேரிக்குக் கிட்டப் பார்த்தோமே, அந்த இரண்டாவது வீட்டுக் கிணற்று நீரை நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். தரகர் அப்போது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பு மாத்திரமன்று. பத்துப் பரப்பு வளவொன்று இன்று இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று துண்டாடி விற்கப்படுகிறது. துண்டுக்கொரு கிணறு, துண்டுக்கொரு மலகூடக் குழி. உன் கிணற்றுக்கும் உன் குழிக்கும் இடையே தூரம் விட்டாய். மதிலுக்கு அப்பால் அயலவன் குழி எங்கே இருக்கிறது? சுண்ணக்கல் நிலத்திலே மதில் நீருக்குத் தடையாகாது. சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்து, அவ்வழக்கிலே உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு விதித்த கதையை நேயர்கள் அறிவர். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆயினும் குழாயை நம்பிக் கிணற்றைப் பாராமல் வீடு வாங்குபவனை நான் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். பார்ப்பதையும் ஆடி ஆவணியிலே பார்க்கவேண்டும். மார்கழியிலே எந்தக் கிணறும் நல்ல கிணறே.

நாற்சார் வீட்டுக் கிணறு பொதுக் கிணறு. பக்கத்து வளவுக்கும் அதிலே அரைப் பங்கு. மருமகன் முகஞ்சுளித்தான். கொழும்பிலே தண்ணீருக்குப் பங்காளி இல்லை அன்றோ! ஆடி மாதம் தாயையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்தான். அக்காள் வீட்டுக்குள் போவதற்கு முன் கிணற்றடிக்குப் போனாள். பக்கத்து வளவு மூதாட்டி வாளியோடு நின்றாள். இருவரும் பேசத் தொடங்கினர். யாருடைய மகள், எந்தப் பள்ளிக்கூடம், இடப்பெயர்வில் எங்கே இருந்தீர்கள் என்று அரைமணி நேரம் போயிற்று. நீர் நன்னீராகவே இருந்தது.

பிறகு அக்காள் தானே கோயிலுக்கு நடந்தாள். நான் கைக்கடிகாரத்தோடு பின்னே போனேன். பதினேழு நிமிஷம் சென்றது. மருமகன் சொன்ன பத்து நிமிஷம் அவனுடைய காலுக்கு. இடையிலே இரண்டு இடத்தில் நின்றாள். ஒன்று வேம்பு நிழல், மற்றது ஒரு பழைய கடைத் திண்ணை. “இந்தத் திண்ணையை இடிக்காமல் விட்டிருக்கிறார்களே” என்றாள்.

நொத்தாரிசு நால்வழியினருக்கும் எழுதினார். முன்வாங்கும் உரிமைக்குரிய அறிவித்தலையும் முறைப்படி கொடுத்தார். இணுவிற் சகோதரி கணவனின் சம்மதத்தோடு கையொப்பமிட இணங்கினாள். லண்டனிலிருந்து தத்துவம் வந்துவிட்டது. புதிதாக அளந்தபோது வடக்கு வேலியிலே அரைக் குழி குறைந்தது. அதற்கு விலையிலே கழிவு பேசினோம். நோர்வேப் பிள்ளைகளில் மூத்தவள் மாத்திரம், பேத்தியாரின் வீட்டை ஒருமுறை வந்து பார்த்தபின்பே கையெழுத்திடுவேன் என்று எழுதியிருக்கிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மருமகன் பொறுமையிழந்து, அரியாலை மாடிவீட்டைப் பற்றி மறுபடி பேசுகிறான்.

அக்காள் கொழும்புக்குத் திரும்பவில்லை. என் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். வெயில் தணிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கையால் நடந்து போய், கிணற்றடியில் சற்று நேரம் இருந்துவிட்டு, விளக்கு வைக்குமுன் வந்துவிடுகிறாள்.